பதினான்கு புகையிலைச் செடியும் ஒரு குட்டைக் கோடையும்

இந்த வருஷம் முதல் உறைபனி நான் கணக்குப் போட்டு வைத்திருந்த தேதிக்குப் பதினோரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருந்தது, காற்று அசையவில்லை, வெப்பமானி 4 டிகிரி காட்டியது. மேகமும் இல்லாமல் காற்றும் இல்லாமல் இருக்கும் ராத்திரியில் தரையோரம் இன்னும் நாலைந்து டிகிரி இறங்கிவிடும் என்று போன வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டிருந்ததால், சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே எழுந்து நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். மொத்தம் பதினான்கு செடி. ஒன்பதை அடித்தண்டோடு வெட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மிச்சம் ஐந்தில் இலை இன்னும் முற்றவில்லை, அவற்றின் மேல் பழைய போர்வைகளைப் போட்டு மூடினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு செடியில் போர்வை சரிந்து, மேல் இலை மூன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெயில் வருவதற்கு முன் விறைப்பாக, ஓரமெல்லாம் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாக நின்றன. வெயில் பட்டு அரைமணி நேரத்தில் வெந்த கீரை மாதிரி கருத்துத் தொங்கிவிட்டன. தொட்டால் விரலில் தண்ணீர் கசிகிறது. உள்ளே இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிட்ட பிறகு அந்த இலையை என்ன செய்தாலும் பாடம் ஆகாது, அதாவது மெல்லக் காய்ந்து பதப்படாது. ஏனென்றால் புகையிலை பச்சையிலிருந்து மஞ்சளாகிப் பழுப்பாவது, இலைக்கு இன்னும் உயிர் இருக்கும்போது இலையே செய்கிற வேலை. செடியில் இருக்கும்போது உறைபனி கொன்றாலும் சரி, வெட்டிய பிறகு வறண்ட காற்று கொன்றாலும் சரி, அந்த வேலை பாதியில் நின்றுவிடும். இது எனக்குப் பிடிபட மூன்று கோடை ஆனது.

புகையிலை வெயில் நாட்டுப் பயிர், குளிரில் வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நன்றாகவே வரும். கனடாவில் ஈரி ஏரியின் வடகரையை ஒட்டிய மணல் பூமியில் பல பத்தாண்டுகளாகப் பயிராகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, சுருட்டின் மேலே சுற்றும் இலைக்குப் பேர்போன இடம். ஸ்வீடனில் 18ஆம் நூற்றாண்டிலேயே போட்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் மகோர்க்கா என்று ஒரு முரட்டு வகை ஏழை விவசாயியின் தோட்டத்திலிருந்து போர்முனைச் சிப்பாயின் சட்டைப்பை வரை போயிருக்கிறது. செடி கேட்பது, நடவிலிருந்து அறுவடை வரை உறைபனி இல்லாத 70 முதல் 90 நாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொடுத்துவிடலாம். வடக்கே கோடை குட்டையானாலும் பகல் நீளம், அந்த நீளமான வெளிச்சத்தில் ஜூலை மாதம் செடி விடுகிற வளர்ச்சியைப் பார்த்தால், நேற்று முழங்காலில் இருந்தது இன்று இடுப்புக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

பகல் நீளம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், புகையிலையைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த சங்கதி இது. மேரிலண்ட் மாமத் என்று ஒரு ரகம். கோடையில் நட்டால் பூக்கவே பூக்காது, ஆள் உயரத்தைத் தாண்டி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வளர்த்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஏன் இப்படி என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் செடி பூக்கிறது என்று 1920இல் எழுதினார்கள். செடிகளுக்கு நாளின் நீளம் தெரியும் என்பது உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்ததில் ஒரு புகையிலைச் செடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நீண்ட பகல் உள்ள வடக்கில் அந்த ரகத்தை விதைக்காக நம்பி வெளியே நடாதீர்கள், பூப்பதற்குள் உறைபனி வந்துவிடும். மற்ற ரகங்களில் பெரும்பாலானவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை.

சரி, எதை நடுவது? அடிப்படையில் இரண்டு இனம். ஒன்று நிகோட்டியானா டபாக்கம், உலகத்தில் பெரும்பாலும் விளைவது இதுதான், ஐந்தாறு அடி உயரம், நீண்ட இலை, இளஞ்சிவப்புப் பூ. இன்னொன்று நிகோட்டியானா ரஸ்டிகா, மேலே சொன்ன மகோர்க்கா இந்த வகை. குட்டையாக இருக்கும், இலை தடித்து வட்டமாக இருக்கும், மஞ்சள் கலந்த பச்சையில் பூக்கும், சீக்கிரம் முற்றும், கொஞ்சம் குளிரையும் தாங்கும். ஆனால் நிக்கோட்டின் பல மடங்கு அதிகம், விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத வீரியம். உங்கள் கோடை மிகவும் குட்டை என்றால் ரஸ்டிகா கைவிடாது. நூறு நாளாவது உறைபனி இல்லாமல் கிடைக்கும் என்றால் டபாக்கத்தில் சீக்கிரம் முற்றும் ரகம் ஒன்றைப் போடுங்கள். வர்ஜீனியா ரகங்கள் சூடு ஏற்றிய அறையில் படிப்படியாக உலர்த்துவதற்கென்று வந்தவை, வீட்டில் அது பெரிய தொல்லை. பர்லி ரகங்கள் நிழலில் காற்றாடவிட்டாலே பாடம் ஆகும். முதல் வருஷத்தில் பர்லி போடாமல் வர்ஜீனியா போட்டது என் தவறு.

விதை பார்வைக்கு மூக்குப்பொடி மாதிரியே இருக்கும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல். தும்மினால் போச்சு. பல் குத்தும் குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி விதையில் வைத்தால் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வரும், அதை ஈரமான மண்ணின் மேல் லேசாகத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மேலே மண் போட்டு மூடவே கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும், அதனால் தட்டில் தண்ணீர் விட்டுக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். 24 டிகிரி அளவில் வைத்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். கடைசி உறைபனித் தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி விதைக்கிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். புள்ளி புள்ளியாகவே நிற்கும். பலர் இங்கேதான் பொறுமை இழந்து உரத்தை ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஐந்தாவது வாரத்தில் திடீரென்று எழும்பும். அப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாமல் என் நாற்றுகள் வெளிறி நீண்டுபோனதால் இரண்டாம் வருஷத்திலிருந்து சாதாரண எல்இடி விளக்கு ஒன்றை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரிய விடுகிறேன். அப்புறம், வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரமாவது பகலில் வெளியே வைத்து ராத்திரி உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த இலை நேரடி வெயிலில் ஒரே நாளில் வெளுத்துப்போகும்.

நடவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, தக்காளி நட்டுப் பழகியவர்களுக்கு இது அதே குடும்பத்துச் செடி. செடிக்குச் செடி இரண்டடி, வரிசைக்கு வரிசை மூன்றடி. குளிர்ந்த மண்ணில் நட்டால் அப்படியே உறைந்து நின்றுவிடும், அதனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மண்ணைச் சூடாக்குங்கள், வடக்கில் இந்த ஒரு காரியம் பத்து நாளைச் சம்பாதித்துத் தரும். உரத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. குளோரைடு கலந்த பொட்டாஷ் போடாதீர்கள், இலை குளோரைடை வாங்கி வைத்துக்கொள்ளும், காய்ந்த பிறகு சரியாகக் கனலாது. பொட்டாசியம் சல்பேட் நல்லது. தழைச்சத்து ஆரம்பத்தில் தாராளமாகக் கொடுக்கலாம், பூ எடுக்கும் சமயத்தில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை பச்சையாகவே நின்றுகொண்டு முற்றாமல் உறைபனியின் வாயில் போய் விழும்.

உச்சியில் மொட்டு தெரிந்ததும் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் செடியின் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், கிள்ளினால் இலை தடிக்கும், அகலும். நிக்கோட்டினும் ஏறும். நிக்கோட்டின் இலையில் உண்டாவதில்லை, வேரில் உண்டாகி மேலே ஏறுகிறது. தக்காளி வேர் மேல் புகையிலையை ஒட்டுக்கட்டினால் இலையில் நிக்கோட்டின் ஏறக்குறைய இருக்காது, புகையிலை வேர் மேல் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் ஏறும். உச்சியைக் கிள்ளிய நாலைந்து நாளில் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் சிம்பு, அதாவது பக்கத் தளிர், வெடிக்கும், அதையும் வாரத்துக்கு ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையில் கை முழுக்கப் பிசின் ஒட்டும். முதலில் நிறமே தெரியாது, பத்து நிமிஷத்தில் மஞ்சளாகும், அரைமணி நேரத்தில் தார் மாதிரி கருத்துவிடும், சோப்புக்கு மசியாது.

கையுறை போடுங்கள். பிசினுக்காக மட்டும் சொல்லவில்லை. மழை நனைந்த இலையிலோ பனித்துளி காயாத இலையிலோ வெறுங்கையோடு வேலை செய்தால் நிக்கோட்டின் தண்ணீரில் கரைந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். புகையிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இது பழைய நோய், வாந்தி, தலைசுற்றல், தலைவலி எல்லாம் வரும். இரண்டாம் வருஷம் ஒரு மழைக்குப் பிறகு அரைக்கைச் சட்டையோடு ஒரு மணி நேரம் சிம்பு ஒடித்துவிட்டு வந்து, சாயங்காலம் முழுக்க எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அன்றிலிருந்து இலை காயாமல் தோட்டத்துக்குள் போவதில்லை. சின்னக் குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீடென்றால் செடியைச் சுற்றி வேலி போடாமல் இருக்காதீர்கள், பச்சை இலையை மென்றால் அது விஷம்.

இன்னொன்று, தக்காளிப் பாத்தியிலிருந்து தள்ளியே வையுங்கள். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல் விழுந்தால் அது மொசைக் வைரஸ். உலகத்தில் முதன்முதலாக அடையாளம் தெரிந்த வைரஸே இதுதான். 1892இல் இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைத் தாண்டியும் நோய் போகிறது என்று கண்டார். 1898இல் பைஜெரிங்க் இது பாக்டீரியா இல்லை, வேறு ஏதோ என்று சொல்லி அதற்கு வைரஸ் என்ற பெயரை வைத்தார். காய்ந்த இலையிலும் பல வருஷம் உயிர்ப்போடு இருக்கும், அதனால் சிகரெட் பிடித்த கையோடு நாற்றைத் தொடாதீர்கள். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

முற்றிய இலையைக் கண்ணும் கையும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கும். பச்சை கொஞ்சம் வெளிறும், மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக ஆகும், நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு தெரியும், நுனி தொங்கும். இலையை விரலுக்கு இடையில் மடித்து அழுத்தினால் சடக்கென்று ஒடியும், இளம் இலை மடங்கத்தான் செய்யும். கீழ் இலைதான் முதலில் முற்றும், நேரம் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாலு என்று கீழிருந்து பறித்துக்கொண்டே போகலாம்.

இனி காயவைப்பது. நான் இரண்டு வருஷத்து விளைச்சலைத் தொலைத்தது இங்கேதான்.

முதல் வருஷம் இலைகளைப் பறித்துக் கயிற்றில் கோத்து, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கும் அறையில் தொங்கவிட்டேன். குளிர் நாடு, வெளியே ஈரம், உள்ளே கதகதப்பாக இருக்கட்டுமே என்று. நாலே நாளில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது, நிறம் மட்டும் பச்சை. காலப்போக்கில் பழுப்பாகும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஆகவே ஆகாது. இலை வாடி வதங்கிக் கிடக்கும் நாட்களில்தான் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சையம் உடைந்து போகிறது, அதற்கெல்லாம் இலைக்குள் ஈரம் இருக்க வேண்டும். நாலு நாளில் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பச்சை அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த இலையின் புகை தொண்டையை அறுத்தது, அத்தனையையும் குப்பையில் போட்டேன்.

இரண்டாம் வருஷம் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். தோட்டத்துக் கொட்டகையில் நெருக்கமாக, இலையோடு இலை ஒட்டத் தொங்கவிட்டேன். நிறம் அழகாக மாறியது. மூன்றாவது வாரம் தொடர்ந்து மழை, ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தபோது நடுநரம்பு நெடுக வெள்ளையாகப் பூஞ்சணம், பாதிக்கு மேல் போய்விட்டது. பூஞ்சணம் பிடித்த இலையைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த முறை செய்தது, பல வருஷமாக வளர்த்துவரும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது. "இலையைப் பறிக்காதீங்க, செடியைத் தண்டோட வெட்டித் தலைகீழாத் தொங்க விடுங்க. தண்டில இருக்கிற தண்ணி இலைக்கு மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது. செடியை வெட்டிய பிறகும் இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பதால் அது உயிரோடு வாடுகிறது. ஒரு ஈரப்பதமானி வாங்கிக் கொட்டகையில் மாட்டினேன். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் விட்டுவிடுவேன். 80ஐத் தாண்டினால் கதவைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுவேன், 60க்குக் கீழே போனால் தரையில் தண்ணீர் தெளிப்பேன். செடிக்குச் செடி ஒரு முழம் இடைவெளி.

முதல் வாரம் வெறும் வாட்டம்தான். இரண்டாம் வாரம் நுனியிலிருந்து மஞ்சள் இறங்கியது, எலுமிச்சை மஞ்சள், நரம்புகளை மட்டும் பச்சையாக விட்டுவிட்டு. பிறகு ஓரத்திலிருந்து பழுப்பு உள்ளே நடந்து வந்தது. ஒரே இலையில் மூன்று நிறமும் இருந்த நாலைந்து நாள், காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பச்சைப் புல் வாடை போய் வைக்கோல் வாசனை வந்தது, அதிலேயே தேன் மாதிரி ஒரு இழை. எட்டாவது வாரத்தில் நடுநரம்பை மடித்தால் குச்சி மாதிரி ஒடியும், அப்போதுதான் காய்வது முடிந்தது என்று கணக்கு. அதற்குள் வெளியே குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போய்விட்டால் எல்லாம் மந்தமாகி நின்றுவிடும், கதகதப்பான அறைக்கு மாற்றி ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

காய்ந்ததோடு முடியவில்லை. அப்போது எரித்தால் காரமும் அம்மோனியா நெடியும் இருக்கும். ஈரமான நாளில் இலை தானாகவே துவண்டு தோல் மாதிரி பதமாகும், அந்தப் பதத்தில் அடுக்கிக் கட்டி ஒரு வருஷமாவது வைத்தால் மெதுவாகத் தணியும். அவசரம் என்றால், சுவரில் தெர்மாகோல் பதித்த பெட்டிக்குள் மெதுவாகச் சுடும் மின்சாரப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, 50 டிகிரியும் 70 சதவீத ஈரமும் இருக்கும்படி ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். நான் வருஷம் காத்திருக்கிற கட்சி. பச்சை இலையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான், எல்லாம் போக ஒரு செடிக்கு எனக்குத் தேறுவது 90 கிராம் சுமார்.

வீட்டில் வளர்த்தது, ரசாயனம் போடாதது, அதனால் கெடுதல் குறைவு என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் புகையிலை பாடம் ஆகும்போதே உருவாகின்றன, எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் எந்தத் தோட்டத்து இலையிலிருந்தும் வரும். நான் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது ஒரு பைப் பிடிக்கிறவன், அதுவும் கெடுதல்தான் என்று தெரிந்தே செய்கிறேன். பிடிக்காதவர் இதற்காகப் பழக வேண்டாம், சாயங்காலம் மணம் விடும் அந்தப் பூக்களுக்காகவே நிகோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ் என்ற இதன் தாய் இனத்தை வளர்க்கலாம், நீளமான வெள்ளைக் குழல் பூ. சட்டத்தையும் விதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஓரளவு அனுமதிக்கும் நாடுகள் உண்டு, ஆஸ்திரேலியா மாதிரி உரிமம் இல்லாமல் ஒரு செடிகூட வைக்க முடியாத இடமும் உண்டு. விற்பது என்பது தனி விவகாரம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

போர்வைக்குள் தப்பித்த ஐந்து செடியில் நாலை நேற்று வெட்டிவிட்டேன். ஐந்தாவதை உச்சி கிள்ளாமல் விட்டிருந்தேன், மொட்டு விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டி வைத்ததால் வேறு மகரந்தம் கலக்காமல் தன்னாலேயே காய் பிடித்திருக்கிறது. காய்கள் பழுப்பாகிவிட்டன, அசைத்தால் உள்ளே மணல் மாதிரி சத்தம் கேட்கிறது. ஒரு காய் போதும், அடுத்த பத்து வருஷத்துக்கு விதை வந்துவிடும். கொட்டகையில் இன்று காலை ஈரப்பதம் 72. கதவோர வரிசை மட்டும் கொஞ்சம் வேகமாக மஞ்சளாகிறது, நாளைக்கு அதை உள்பக்கம் மாற்றி மாட்ட வேண்டும்.